மூலிகைத் தேநீர் ரத்தக் கொழுப்பைக் குறைக்குமா? எங்கே, எப்படி, எவ்வளவு

ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் கூடுதலாக வந்திருக்கிறது என்று வெளியே சொன்னால், கேட்பவர்களில் பாதிப் பேர் ஓர் இலையின் பெயரைச் சொல்வார்கள். பச்சைத் தேயிலை, முருங்கை, துளசி, புதினா என்று பட்டியல் நீளும். எல்லாம் அக்கறையில் சொல்வதுதான். கூடவே வரும் விளக்கமும் பெரும்பாலும் ஒன்றே: "சூடாகக் குடித்தால் கொழுப்பு கரைந்துவிடும்."

அந்த விளக்கம் தவறு. அதற்காக, இலைத் தேநீருக்கும் ரத்தக் கொழுப்புக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. சம்பந்தம் இருக்கிறது. ஆனால் அது நடக்கும் இடம் குடலும் கல்லீரலும்; ரத்தக் குழாயில் எதுவும் கரைவதில்லை. இந்த வழி புரிந்துவிட்டால், யார் எந்த இலையைச் சொன்னாலும் இரண்டு கேள்விகளில் எடைபோட்டுவிடலாம். இது உடலில் எங்கே வேலை செய்கிறது? அந்த இடத்துக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது? இந்தக் கட்டுரை முழுக்க இந்த இரண்டு கேள்விகளைப் பற்றியதுதான்.

கொழுப்பு ரத்தத்தில் எப்படிப் போகிறது

ரத்தத்தின் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரோடு எண்ணெய் சேராது. அதனால் கொழுப்பு ரத்தத்தில் தனியாக மிதந்து போவதில்லை. புரதமும் கொழுப்பும் சேர்ந்து ஒரு சின்ன உருண்டையாகி, அந்த உருண்டைக்குள் அடைபட்டுத்தான் பயணம் செய்கிறது. இதைக் கொழுப்புப்புரதத் துகள் என்கிறார்கள். பரிசோதனை அறிக்கையில் காணும் எல்டிஎல், எச்டிஎல் எல்லாம் இந்தத் துகள்களின் வகைகள்தான்.

துகளுக்குள் இருக்கும் சரக்கு முக்கியமாக இரண்டு. ஒன்று டிரைகிளிசரைடு. இது எரிபொருள், தசைக்குப் போனால் எரியும், தேவைக்கு மிஞ்சினால் கொழுப்புத் திசுவில் சேரும். மற்றொன்று கொலஸ்ட்ரால். இதை உடல் எரிப்பதில்லை. ஒவ்வொரு செல்லின் சவ்வுக்கும், பல ஹார்மோன்களுக்கும், செரிமானத்துக்கு உதவும் பித்தநீருக்கும் இது கட்டுமானப் பொருள். கொலஸ்ட்ராலே இல்லாமல் உயிர் வாழ முடியாது என்பதை, அதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு முதலில் சொல்லிவிட வேண்டும்.

கல்லீரல் டிரைகிளிசரைடை ஏற்றி அனுப்பும் பெரிய துகளுக்கு விஎல்டிஎல் என்று பெயர். போகும் வழியில் அது சரக்கை இறக்கிக்கொண்டே போகும். இறக்கி முடித்தபின் மிஞ்சுவது கொலஸ்ட்ரால் நிறைந்த ஒரு சிறிய துகள். அதுதான் எல்டிஎல். திசுக்களில் மிஞ்சிய கொலஸ்ட்ராலைக் கல்லீரல் பக்கம் திரும்பக் கொண்டுவருவதில் பங்குள்ள துகள் எச்டிஎல்.

ரத்தத்தில் எல்டிஎல் நெடுங்காலம் கூடுதலாக இருந்தால், அதில் ஒரு பகுதி ரத்தக் குழாயின் உட்சுவருக்குள் புகுந்து அங்கேயே மாட்டிக்கொள்ளும். உடல் அதை அப்புறப்படுத்த முயலும், அழற்சி உண்டாகும், பல வருடங்களில் அது ஒரு படிவாகத் தடிக்கும். கவனிக்க வேண்டியது, இந்தப் படிவு இருப்பது சுவரின் உள்ளே. குழாயின் உட்பரப்பில் அழுக்குப் போல ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. சூடான எதையாவது குடித்து அதைக் கழுவிவிட வழியே இல்லை; குடித்த சூடும் வயிற்றைத் தாண்டுவதற்குள் உடல் வெப்பத்துக்கு வந்துவிடும். எல்டிஎல் வெகுவாகக் குறைந்து, நீண்ட காலம் அப்படியே நீடித்தால் படிவு சற்றுச் சுருங்குவது உண்டு. அந்த அளவுக்குக் குறைக்க என்ன தேவை என்பதை அடுத்துப் பார்ப்போம்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: கொழுப்பு துகள்களில் ஏறிப் பயணிக்கிறது. டிரைகிளிசரைடு எரிபொருள், கொலஸ்ட்ரால் கட்டுமானப் பொருள். சுவருக்குள் மாட்டிக்கொண்டு கெடுதல் செய்யும் துகள்களில் முதன்மையானது எல்டிஎல்.

மட்டத்தை முடிவு செய்வது யார்

ரத்தத்தில் எல்டிஎல் இருக்கும் அளவை ஒரு தொட்டியின் நீர்மட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாய் திறந்திருக்கிறது, கீழே வடிகால் இருக்கிறது. மட்டம் உயர்ந்தால் ஒன்று குழாய் அதிகமாகத் திறந்திருக்க வேண்டும், அல்லது வடிகால் அடைத்திருக்க வேண்டும். தண்ணீரையே முறைத்துப் பார்த்துப் பயனில்லை. குழாயையும் வடிகாலையும்தான் பார்க்க வேண்டும்.

ரத்தக் கொழுப்பைப் பொறுத்தவரை இரண்டுமே கல்லீரலின் கையில் இருக்கின்றன. உடலில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடலே தயாரிக்கிறது. உணவிலிருந்து வருவது அதைவிடக் குறைவு. எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து அகற்றுவதும் பெரும்பாலும் கல்லீரல்தான். அதன் செல்களின் மேற்பரப்பில் எல்டிஎல்லைப் பற்றி உள்ளே இழுக்கும் புரதங்கள் உண்டு. அவற்றை எல்டிஎல் ஏற்பிகள் என்பார்கள். இவற்றைக் கண்டுபிடித்து விளக்கிய மைக்கேல் பிரவுன், ஜோசஃப் கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அவர்கள் காட்டியதில் நமக்கு மிகவும் தேவையான செய்தி இது: கல்லீரல் செல்லுக்குள் கொலஸ்ட்ரால் குறைந்தால், அது கூடுதல் ஏற்பிகளை வெளியே நீட்டி ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்ளும். அதாவது, கல்லீரலுக்குள் தட்டுப்பாடு வந்தால் ரத்தத்தில் மட்டம் இறங்கும். எல்டிஎல்லைக் குறைக்கும் பல வழிகள் கடைசியில் வந்து சேரும் இடம் இதுதான்.

தட்டுப்பாட்டை உண்டாக்க இரண்டு நேர்வழிகள் உண்டு. கல்லீரலின் சொந்தத் தயாரிப்பைத் தடுப்பது முதலாவது. ஸ்டாடின் மாத்திரைகள் செய்வது இதைத்தான். கொலஸ்ட்ரால் தயாரிப்பில் முக்கியமான ஒரு நொதியை அவை தடுக்கின்றன. ஜப்பானிய உயிர்வேதியியலாளர் அகிரா எண்டோ 1970களில் ஆயிரக்கணக்கான பூஞ்சை வகைகளைச் சோதித்து, ஒரு நீலப்பச்சைப் பூஞ்சணத்திலிருந்து முதல் ஸ்டாடினைப் பிரித்தெடுத்தார். 1987இல் இந்த வகை மருந்து முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. "மாத்திரை என்றால் ரசாயனம், இலை என்றால் இயற்கை" என்று பிரித்துப் பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்டாடினும் இயற்கையில் தேடிக் கண்டெடுத்த பொருள்தான். அளவு தெரிந்து, சோதிக்கப்பட்டு மருந்தானது. மருந்தையும் அதன் அளவையும் பொறுத்து இது எல்டிஎல்லை 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கும்.

இரண்டாவது வழி பித்தநீர் வழியாகப் போகிறது. கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து பித்த அமிலங்களைத் தயாரித்துக் குடலுக்கு அனுப்புகிறது. உணவில் உள்ள கொழுப்பை நுண்ணிய துளிகளாக உடைத்து உறிஞ்ச வைப்பது அவற்றின் வேலை. வேலை முடிந்ததும் சுமார் 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பிவிடும். உடல் அவ்வளவு சிக்கனம். அந்தத் திரும்பும் பயணத்தில் கொஞ்சத்தை மறித்து மலத்தோடு வெளியேற்றிவிட்டால், கல்லீரல் புதிதாகப் பித்த அமிலம் செய்தாக வேண்டும். அதற்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். ரத்தத்திலிருந்து இழுக்கும்.

சுருக்கமாக, மட்டத்தை இறக்கக் கல்லீரலின் தயாரிப்பைக் குறைக்கலாம், அல்லது குடல் வழியே கொலஸ்ட்ராலையும் பித்த அமிலத்தையும் வெளியேற்றலாம். ஓர் இலைத் தேநீர் உதவ வேண்டுமானால் இவற்றில் ஒன்றில்தான் கை வைத்தாக வேண்டும்.

இலையில் இருப்பவை எங்கே வேலை செய்கின்றன

இலைகளில் பாலிபீனால் என்ற ஒரு பெரிய வேதிப்பொருள் குடும்பம் இருக்கிறது. தேநீரின் துவர்ப்புக்குக் காரணம் இவைதான். பச்சைத் தேயிலையை நேரம் கடந்து ஊறவிட்டுக் குடித்துப் பாருங்கள். நாக்கும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடித்தாற்போல வறண்டுபோகும். பாலிபீனால்கள் எச்சிலில் உள்ள புரதங்களைப் பற்றிக்கொண்டு திரள்வதால் அந்த உணர்வு வருகிறது. வாயில் நடக்கும் இந்தப் பற்றிக்கொள்ளும் குணம் குடலிலும் தொடர்கிறது.

உணவில் வந்த கொலஸ்ட்ராலும், பித்தநீரில் வந்த கொலஸ்ட்ராலும் குடல் சுவருக்குள் நுழைய வேண்டுமானால் முதலில் பித்த அமிலங்கள் சூழ்ந்த நுண்துளிகளாக வேண்டும். தேயிலையில் உள்ள பாலிபீனால்களுக்குக் கேட்டசின் என்று பெயர். இவை அந்த நுண்துளிகளைக் குலைத்து, கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைக் கொஞ்சம் தடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. நம்பத் தகுந்த விளக்கங்களில் முதலிடம் இதற்குத்தான் தருவேன். காரணம் எளிது: குடித்த கேட்டசின் வேறெங்கும் பயணம் போக வேண்டியதில்லை. வேலை செய்ய வேண்டிய இடம் குடல். அங்கே முழு அளவில் இருக்கிறது.

கல்லீரலில் வேலை செய்யும் என்ற வாதம் இந்த அளவுக்கு உறுதியானது அல்ல. ஒரு இலைச் சாற்றைக் கண்ணாடித் தட்டில் வளரும் கல்லீரல் செல்கள்மேல் ஊற்றினால், கொலஸ்ட்ரால் தயாரிப்பு குறைவதையோ எல்டிஎல் ஏற்பிகள் கூடுவதையோ பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. ஆனால் குடித்த பாலிபீனாலில் மிகச் சிறு பங்குதான் மாறாமல் ரத்தத்துக்குப் போகிறது. மீதியைக் குடல் பாக்டீரியாக்கள் உடைத்து வேறு பொருள்களாக்கிவிடும், அல்லது கழிவோடு போய்விடும். தட்டில் ஊற்றிய அளவு கல்லீரலைச் சென்றடைவதே இல்லை என்றால், தட்டில் கிடைத்த முடிவை நம் உடலுக்கு அப்படியே பொருத்த முடியாது. "ஆய்வில் நிரூபணம்" என்று பொட்டலத்தின்மேல் அச்சிட்டிருந்தால், அது தட்டிலா, எலியிலா, மனிதரிலா என்று கேட்பது முறையான கேள்வி.

வடிகட்டியில் தங்கிவிடுபவை

இதைப் பலர் யோசிப்பதில்லை. ஓர் இலையில் இருக்கும் எல்லாமே தேநீரில் இறங்கிவிடாது. வெந்நீரில் இறங்குபவை தண்ணீரில் கரையக்கூடியவை மட்டுமே.

பித்த அமிலத்தை மறித்து வெளியேற்றுவதில் பேர்போனது கரையும் நார்ச்சத்து. ஓட்ஸிலும் இசப்கோல் உமியிலும் இருப்பது இதுதான். எல்டிஎல்லை ஓரளவு குறைப்பதாக மனிதர்களிடமே நிறுவப்பட்டது. இலையிலும் நார்ச்சத்து உண்டு. ஆனால் தேநீரை வடிகட்டும்போது அதில் ஏறத்தாழ முழுவதும் சக்கையோடு போய்விடும். தாவர ஸ்டெரால் என்ற பொருளும் அப்படித்தான். கொலஸ்ட்ராலின் உருவத்தை ஒத்த இது, குடலில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சப்படாமல் தடுக்கும். தினமும் 2 கிராம் அளவில் சாப்பிட்டால் எல்டிஎல் சுமார் 8 முதல் 10 சதவீதம் குறையும். ஆனால் இது எண்ணெயில் கரையும் பொருள், தண்ணீருக்குள் இறங்காது.

ஆகவே ஒரு கீரையைச் சமைத்துச் சாப்பிடுவதும், அதே இலையைக் காயவைத்துத் தேநீர் போடுவதும் ஒன்றல்ல. இலைப் பொடியை விழுங்குவது மூன்றாவது கணக்கு. ஆல்கஹாலில் ஊறவைத்துச் செறிவாக்கிய சாறு நான்காவது. ஒன்றில் கிடைத்த ஆய்வு முடிவை இன்னொன்றின் விளம்பரத்துக்கு எடுத்துப் பயன்படுத்துவது மிகப் பரவலாக நடக்கிறது. குழப்பத்தில் பாதி இதனால்தான் வருகிறது என்பது என் கருத்து.

ஒரு பானம் கொலஸ்ட்ராலை மாற்ற முடியுமா என்ற சந்தேகம் இருப்பவர்களுக்குக் காபியைக் காட்டலாம். காபிக் கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டால் என்ற பொருள் இருக்கிறது. அது எல்டிஎல்லை உயர்த்துகிறது. பொடியைக் கொதிக்கவைத்து வடிகட்டாமல் குடித்தால் அது கோப்பைக்குள் வரும். காகித வடிகட்டியில் இறக்கினால் பெரும்பகுதி காகிதத்திலேயே தங்கிவிடும். கொட்டை அதே கொட்டை. வடிகட்டி மாறினால் ரத்தத்தில் விளைவு மாறுகிறது. தயாரிக்கும் முறைக்கு அவ்வளவு வலிமை உண்டு.

மனிதர்களிடம் சோதித்தபோது கிடைத்தது

இலைத் தேநீர்களில் அதிகமாகச் சோதிக்கப்பட்டது பச்சைத் தேயிலை. பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, எல்டிஎல் சராசரியாக 2 முதல் 5 மில்லிகிராம் வரை குறைந்தது. (ரத்தக் கொழுப்பின் எண்கள் எல்லாம் 100 மில்லி ரத்தத்துக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.) எச்டிஎல்லில் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. இந்தக் குறைவு உண்மையானது, தற்செயலாக வந்ததல்ல. ஆனால் அதன் அளவைப் பாருங்கள். எல்டிஎல் 160 இருப்பவருக்கு அது 156 ஆகலாம். அதே நபருக்கு ஒரு ஸ்டாடின் 80க்கும் 112க்கும் இடையில் கொண்டுவரும். எல்டிஎல் சுமார் 39 மில்லிகிராம் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பது ஸ்டாடின் ஆய்வுகளின் திரண்ட முடிவு. 4 மில்லிகிராமுக்கு அந்தக் கணக்கில் எவ்வளவு கிடைக்கும் என்பதை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

கூனைப்பூச் செடியின் இலைச் சாறு இன்னொன்று. கொலஸ்ட்ராலைச் சிறிதளவு குறைப்பதாகச் சில ஆய்வுகள் காட்டின. ஆனால் அவற்றில் சோதிக்கப்பட்டது செறிவாக்கிய சாறு. கோப்பைத் தேநீர் இல்லை. செம்பருத்தி இனத்தின் சிவப்புப் புல்லிகளில் போடும் புளிப்புத் தேநீருக்கு ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும் சான்று இருக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் சான்று அதைவிட மெலிது. முருங்கை இலையில் கிடைத்த நல்ல முடிவுகளில் பெரும்பாலானவை விலங்குகளிடம் கிடைத்தவை.

நம்பிக்கையோடு எதிர்பார்த்தது நேர்மாறாக முடிந்ததும் உண்டு. குக்குலு என்ற மரப்பிசின் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டது. 2003இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கொலஸ்ட்ரால் கூடிய 103 பேருக்கு 8 வாரம் இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். யார் குக்குலு சாப்பிடுகிறார், யார் மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிடுகிறார் என்று யாருக்கும் தெரியாது. முடிவில், குக்குலு சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் 4 முதல் 5 சதவீதம் கூடியிருந்தது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 5 சதவீதம் குறைந்திருந்தது.

இது பிசின், இலை இல்லை. இருந்தும் இங்கே சொல்வதற்குக் காரணம் அந்தக் கடைசி எண். எதுவுமே இல்லாத மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்கும் 5 சதவீதம் குறைந்தது. ஆய்வில் சேர்ந்தோம் என்ற எண்ணத்தில் உணவில் கவனம் கூடியிருக்கலாம். கொலஸ்ட்ரால் உச்சத்தில் இருந்த நாளில் அளந்ததால்தான் அவர்கள் ஆய்வுக்கே தேர்வாகியிருக்கலாம்; அடுத்த முறை அளக்கும்போது அது தானாகவே வழக்கமான மட்டத்துக்கு வந்திருக்கலாம். போலி மாத்திரைக் குழு இல்லாமல், குறைந்ததை மட்டும் வைத்து "வேலை செய்கிறது" என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எச்டிஎல் பற்றியும் ஒரு வார்த்தை. "நல்ல கொழுப்பைக் கூட்டும் தேநீர்" என்ற விளம்பரம் அடிக்கடி கண்ணில் படுகிறது. எச்டிஎல்லை நன்றாகவே உயர்த்திய டார்செட்ராபிப் என்ற மருந்தின் பெரிய ஆய்வு 2006இல் பாதியில் நிறுத்தப்பட்டது. மருந்து எடுத்தவர்களில் இறப்பு கூடியதுதான் காரணம். அந்த எண் ஏறினாலே இதயத்துக்கு நல்லது என்ற கணக்கு செல்லாது.

சர்க்கரை செய்யும் வேலை

டிரைகிளிசரைடின் கதை வேறு. அது சர்க்கரையோடும், மாவுச்சத்தோடும், மதுவோடும், உடல் எடையோடும் பின்னிக் கிடக்கிறது. தேவைக்கு மேல் வரும் சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி விஎல்டிஎல்லில் ஏற்றி அனுப்பிவிடும்.

ஒரு தேக்கரண்டி சர்க்கரை 4 முதல் 5 கிராம். கோப்பைக்கு 2 கரண்டி, நாளைக்கு 4 கோப்பை என்று குடிப்பவர் பானத்தில் மட்டும் 32 முதல் 40 கிராம் சர்க்கரை எடுத்துக்கொள்கிறார். பெரியவர் ஒருவர் நாளைக்குச் சுமார் 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இப்படிக் குடித்துக்கொண்டிருந்தவர் இனிப்பில்லாத இலைத் தேநீருக்கு மாறினால் டிரைகிளிசரைடு இறங்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. பெருமை இலைக்குப் போகும். உழைத்தது சர்க்கரையை நிறுத்தியது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. இலைத் தேநீரால் கிடைக்கக்கூடிய ஆகப் பெரிய நன்மை இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். இனிப்புப் பானத்தின் இடத்தை மணமும் சூடும் உள்ள இன்னொன்று நிரப்பினால், கைவிட்ட பழக்கம் திரும்ப வராமல் இருக்கும். ஆனால் அதே இலைத் தேநீரில் தேன் ஊற்றிக் குடித்தால் இந்த நன்மை போய்விடும். கல்லீரலைப் பொறுத்தவரை தேனும் சர்க்கரைதான்.

அறிக்கையை எப்படிப் படிப்பது

ஒரே மனிதரின் கொலஸ்ட்ராலே நாளுக்கு நாள் ஏறி இறங்கும். எதையும் மாற்றாமல் இரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்தாலும் மொத்தக் கொலஸ்ட்ரால் 5 சதவீதத்துக்கு மேல் மாறியிருப்பது சகஜம். டிரைகிளிசரைடு அதைவிடப் பல மடங்கு ஆடும். முதல் நாள் சாப்பாடே அதை மாற்றிவிடும். ஆகவே 210 இருந்தது ஒரு மாதத்தில் 202 ஆனால், அதற்கு ஓர் இலையைக் காரணம் காட்டுவதற்கு அடிப்படை இல்லை.

இன்னொன்று: பல ஆய்வகங்கள் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டு எழுதுகின்றன. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழித்து, டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். 1972இல் வந்த இந்தச் சூத்திரத்துக்கு ஃப்ரீட்வால்ட் சூத்திரம் என்று பெயர். டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இது செல்லாது.

ஒருவரின் முதல் அறிக்கையை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 220, எச்டிஎல் 40, டிரைகிளிசரைடு 250. ஐந்தில் ஒரு பங்கு 50. எல்டிஎல் 220 − 40 − 50 = 130. மூன்று மாதம் இனிப்பில்லாத தேநீர் குடித்தபின் இரண்டாவது அறிக்கை: மொத்தம் 200, எச்டிஎல் 40, டிரைகிளிசரைடு 150. எல்டிஎல் 200 − 40 − 30 = 130. மொத்தக் கொலஸ்ட்ரால் 20 இறங்கிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் மகிழ்வார்கள். மகிழ வேண்டியதுதான், டிரைகிளிசரைடு நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் மாரடைப்பு அபாயத்தில் பெரும்பங்கு வகிக்கும் எல்டிஎல் நகரவே இல்லை. மொத்தத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

பொதுவாக எல்டிஎல் 100க்குக் கீழும், டிரைகிளிசரைடு 150க்குக் கீழும் இருப்பது நல்லது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு மருத்துவர்கள் எல்டிஎல்லை இதைவிடக் கீழே வைக்கச் சொல்வார்கள். எண் யாருடையது என்பதைப் பொறுத்துத்தான் அது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும்.

கவனம் தேவைப்படும் இடங்கள்

சிலருக்குப் பிறவியிலேயே எல்டிஎல் ஏற்பிகள் சரியாக வேலை செய்யாது. குடும்பவழிக் கொலஸ்ட்ரால் மிகை என்று இதற்குப் பெயர். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. எல்டிஎல் 190ஐத் தாண்டியிருந்தாலோ, நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவது இளம் வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தாலோ இதைச் சந்தேகிக்க வேண்டும். தொட்டியின் வடிகாலே பழுதாகியிருக்கும்போது தேநீரால் ஆவது ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் இலைகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தால் வருடங்கள் வீணாகும். சுவருக்குள் படிவு வளர்வது நிற்காது. டிரைகிளிசரைடு 500ஐத் தாண்டினாலும் தாமதிக்கக் கூடாது. அது கணைய அழற்சிக்கு இட்டுச் செல்லலாம்.

கோப்பையில் குடிக்கும் சாதாரணப் பச்சைத் தேநீர் பெரும்பாலானவர்களுக்குத் தீங்கு செய்யாது. அதையே செறிவாக்கி மாத்திரையாக விழுங்குவது அப்படிப்பட்டது அல்ல. தேயிலையின் முக்கியக் கேட்டசினுக்கு இஜிசிஜி என்று பெயர். இதை மாத்திரைகளில் நாளைக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் ரத்தத்தில் தெரிவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சொன்னது. கொழுப்பைச் சீர்படுத்த வேண்டிய உறுப்பையே அது தாக்குகிறது.

மருந்தோடு மோதும் இலைகளும் உண்டு. மனச்சோர்வுக்குக் குடிக்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, சிம்வாஸ்டாடின், அட்டோர்வாஸ்டாடின் போன்ற ஸ்டாடின்களை உடல் சீக்கிரம் வெளியேற்றும்படி செய்து அவற்றின் பலனைக் குறைத்துவிடும். பச்சைத் தேநீரோ, நாடோலால் என்ற ரத்த அழுத்த மருந்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். "மெலிய வைக்கும் தேநீர்" என்று விற்பவற்றில் பலவற்றில் நிலாவாரை இலை இருக்கும். அது மலமிளக்கி. எடை காட்டும் கருவியில் எண் இறங்குவது தண்ணீரும் மலமும் போனதால்தான். ரத்தக் கொழுப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. நாள்கணக்கில் குடித்தால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது, தேநீரை நம்பி மாத்திரையை நிறுத்துவதைத்தான். எல்டிஎல் உயர்வதற்கு வலி கிடையாது, மயக்கம் கிடையாது. மாத்திரையை விட்டபின் உடம்பு நன்றாக இருப்பதாகவே தோன்றும். சில வாரங்களில் எண் பழைய இடத்துக்குப் போயிருக்கும். பரிசோதித்தால் ஒழியத் தெரியாது. மாத்திரையால் தசைவலி போன்ற தொந்தரவு இருந்தால் அதைச் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

குடித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு

தடையில்லை. இனிப்புச் சேர்க்காமல், நாளைக்கு இரண்டு மூன்று கோப்பை போதும். ரத்தசோகை இருப்பவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம். துவர்ப்புள்ள தேநீர் இரும்புச்சத்தை உறிஞ்ச விடாது. கர்ப்பிணிகளும் சிறுநீரக, கல்லீரல் நோய் உள்ளவர்களும் எந்த மூலிகையையும் கேட்காமல் தொடங்கக் கூடாது.

பலன் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், ஒரே நேரத்தில் மூன்று மாற்றங்களைச் செய்யாதீர்கள். தேநீர், நடைப்பயிற்சி, எண்ணெயை மாற்றுவது எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் எது உதவியது என்று பிரிக்க முடியாது. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து, அதே ஆய்வகத்தில், முன்பு போலவே வெறும் வயிற்றில் அளந்து பாருங்கள். அன்று காலை தேநீரும் வேண்டாம், தண்ணீர் மட்டும். அறிக்கை வந்ததும் மொத்தத்தை விட்டுவிட்டு எல்டிஎல்லையும் டிரைகிளிசரைடையும் தனித்தனியாக முந்தைய எண்ணோடு ஒப்பிடுங்கள். மருத்துவரிடம் போகும்போது தேநீர்ப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். என்னென்ன இலை, எத்தனை கிராம் என்பதை வாயால் சொல்வதைவிட, பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதை அவரே படித்துப் பார்த்தால் உங்கள் மருந்தோடு எது மோதும் என்பதை உடனே சொல்லிவிடுவார்.